பின்சில்லு ரயரைக் கையால் போடும்போது ரியூப் கிள்ளுப்படுவது ஏன்?

கேள்வி – பட்டிருப்பு ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, போரதீவு வழியாக, வெல்லாவெளிக்கு அப்பாலுள்ள ஒரு பாடசாலைக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். வழியில் ஒரு பகுதி காபெற் வீதி, மற்றது கிறவல். பின்னேரம் நான் திரும்பும் நேரத்தில் அந்த வழியில் திறந்திருக்கும் ஒட்டுக்கடை எதுவும் இல்லாததால், மாரி தொடங்குவதற்கு முன் இந்த வேலையை நானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

வண்டி 100 சிசி; கம்பிச் சில்லு. ரயர் அளவு முன்னுக்கு 2.75-17, பின்னுக்கு 3.00-17. பின் ரயர் தேய்ந்து, பூக்களின் பள்ளத்திலுள்ள அடையாள மேடுகள் தரையைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டதால், புது ரயரும் புது ரியூபும் வாங்கி வீட்டு முற்றத்தில் வைத்து மாற்றினேன். முதல் தடவை, மாலையில் அடித்த காற்று விடியும்போது இல்லை. கழற்றிப் பார்த்தபோது ரியூபின் உட்பக்கத்தில், அதாவது ரிமைப் பார்த்திருக்கும் பக்கத்தில், நகத்தால் கீறியதுபோல இரண்டு சிறு வெட்டுகள் இருந்தன. இரண்டாவது தடவை இன்னொரு புது ரியூப் போட்டேன். பம்ப் அடிக்கும்போதே சீறியது. மூன்றாவது தடவை காற்று நின்றது. ஆனால் பத்துப் பன்னிரண்டு நாட்களில் வால்வு சாய்ந்து நிற்பதைக் கண்டேன். இரண்டு நாள் கழித்து, பாடசாலை விட்டு வரும்போது, போரதீவுக்கு அருகில் பின்சில்லு ஒரேயடியாக இறங்கிவிட்டது. வண்டியைப் பாலம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். ரியூபைக் கழற்றிப் பார்த்தால், வால்வு ரியூபுடன் சேரும் கழுத்தில் பாதி கிழிந்திருந்தது.

நான் செய்த முறையை ஒளிக்காமல் சொல்கிறேன். சில்லைக் கழற்றி, இரண்டு லீவரும் ஒரு பெரிய ஸ்குறூட்ரைவரும் கொண்டு பழைய ரயரை எடுத்தேன். புது ரயரின் ஒரு பக்கத்தை ரிமில் ஏற்றி, காற்றில்லாத ரியூபை உள்ளே வைத்து, வால்வைத் துளையால் வெளியே எடுத்து, அதன் நட்டை ஸ்பானரால் இறுக்கினேன். பிறகு வால்வு இருக்கும் இடத்திலிருந்தே மறுபக்கத்தை ஏற்றத் தொடங்கி, இரு பக்கமாகவும் சுற்றி வந்து, வால்வுக்கு நேர் எதிரே முடித்தேன். கடைசிச் சாண் அளவு மிகவும் கனமாக இருந்தது. லீவரின் மேல் ஏறி நின்றுதான் அதை உள்ளே தள்ள முடிந்தது. வழுக்குவதற்குப் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீர் கலக்காமலே பூசினேன். கிறவல் வீதியில் குலுக்கல் குறையும் என்று 20 பி.எஸ்.ஐ. மட்டுமே காற்று வைத்தேன்.

இதில் எந்த இடத்தில் பிழை விடுகிறேன்? கடைகளில் பொடியன்கள் ஐந்து நிமிடத்தில் போடும் ரயர் எனக்கு ஏன் இப்படிக் கனக்கிறது? போதிய பலம் இல்லாததுதான் காரணமா?

பதில் – கல்லடி கராஜ்

வணக்கம் சேர். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருப்பதால் விடை சொல்வது இலகு. பலத்தில் குறை ஒன்றுமில்லை. பலத்தைப் பயன்படுத்தியதுதான் இரண்டு ரியூபைத் தின்றது. நீங்கள் தொடங்கிய இடத்தில் முடித்திருக்க வேண்டும், முடித்த இடத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்கிறேன். ரயரின் உள்ளோரத்தில், ரிமைப் பிடித்துக்கொள்ளும் தடித்த வளையம் இருக்கிறதே, அதைத்தான் நாங்கள் பீட் என்போம். அதற்குள் உருக்குக் கம்பிகள் வளையமாக ஓடுகின்றன. றப்பர் இழுபடும், அந்தக் கம்பி இழுபடாது. 17 அங்குல ரிமில் பீட் உட்காரும் இடத்தின் விட்டம் சுமார் 43 சென்ரிமீற்றர். ஆனால் ரிமின் வெளி விளிம்பு அதைவிடச் சுற்றிலும் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குக் கிட்டிய அளவு உயர்ந்து நிற்கிறது. அப்படியானால் இழுபடாத சின்ன வளையம் ஒன்று தன்னைவிடப் பெரிய வளையத்தைத் தாண்டிப் போக வேண்டும். அதற்காகத்தான் ரிமின் நடுவில் ஒரு பள்ளத்தை வைத்துச் செய்திருக்கிறார்கள். பீட்டின் ஒரு பக்கம் அந்த நடுப்பள்ளத்துக்குள் இறங்கினால் ரயர் முழுவதும் அந்தப் பக்கமாக நகரும். நகர்ந்த அளவு தளர்வு எதிர்ப்பக்கத்தில் கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் கடைசிச் சாண் ஏறுகிறது.

இப்போது உங்கள் சில்லைப் பாருங்கள். வால்வு எங்கே இருக்கிறது? நடுப்பள்ளத்துக்குள். அதன் அடியிலுள்ள தடித்த றப்பர் அந்த இடத்துப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. நட்டையும் இறுக்கிவிட்டீர்கள், அது அசையவும் மாட்டாது. நீங்கள் எதிர்ப்பக்கத்தில் கடைசிச் சாணோடு மல்லுக்கட்டும்போது, வால்வுப் பக்கத்துப் பீட் பள்ளத்துக்குள் இறங்க இடமில்லாமல் மேலேயே நின்றிருக்கிறது. தளர்வு கிடைக்கவில்லை. லீவரில் ஏறி நின்றீர்கள். லீவருக்கும் ரிமுக்கும் நடுவில் காற்றில்லாத ரியூப் மடிந்து கிடந்தது. நகக்கீறல்போல இரண்டு வெட்டு என்று சொன்னது அந்த மடிப்பின் இரண்டு பக்கமும்தான்.

ஆகையால் மறுபக்கத்தை ஏற்றும்போது வால்வுக்கு நேர் எதிரே தொடங்குங்கள். சில்லைப் பழைய ரயர் ஒன்றின் மேலோ சாக்கின் மேலோ படுக்கவைத்து, தொடங்கிய இடத்தில் இரண்டு முழங்காலையும் வைத்துப் பீட்டைப் பள்ளத்துக்குள் அமர்த்துங்கள். பாதிச் சுற்று வரை லீவரே தேவைப்படாது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வரலாம். கை நின்றுபோகும் இடத்திலிருந்து லீவரை எடுத்து, இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை என்று மாறி மாறி, இரண்டு மூன்று விரற்கிடைக்கு மேல் ஆசைப்படாமல் ஏற்றிக்கொண்டு வால்வை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு தடவையும் முழங்கால் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் இங்கே லீவரை இழுக்கும்போது அங்கே பீட் பள்ளத்தை விட்டு மெதுவாக மேலேறி வரும். வேலைக்குப் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கடைசிச் சாண் கனக்கிறதென்றால் லீவரைக் கீழே வைத்துவிட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போங்கள். அங்கே பீட் மேலே ஏறி நிற்கும். அதை அழுத்தி இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால், மல்லுக்கட்டிய அதே இடம் ஒரு விரல் அளவு தளர்ந்திருக்கும்.

முடிக்கும் இடத்துக்கு வந்ததும், பெருவிரலால் வால்வை உள்நோக்கி, அதாவது ரயரின் நடுவை நோக்கித் தள்ளிவிட்டு விடுங்கள். இப்படிச் செய்யாவிட்டால் வால்வின் அடிப்பட்டை பீட்டுக்கும் ரிமுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். இதற்காகத்தான் நட்டை இரண்டு புரி மட்டும் ஏற்றி விட வேண்டும் என்கிறேன். இறுக்கினால் வால்வு உள்ளே போகாது.

ரியூபை வைக்கும்போது அது உருண்டை வடிவம் எடுக்கும் அளவுக்கு மட்டும், இரண்டு மூன்று பம்ப், காற்று வையுங்கள். காற்றில்லாத ரியூப் துணிபோல மடிந்து லீவரின் நுனிக்குள் தானாக வந்து விழும். சிறிது காற்றிருந்தால் அது ரயரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு விலகி நிற்கும். லீவரை ரிம் விளிம்பைப் பிடிக்கும் அளவுக்கு மேல் உள்ளே விட வேண்டாம். நிமிர்த்திய லீவரை அதற்கு மேலும் மறுபக்கமாகச் சாய்த்தால், அதன் நுனி உள்ளே இறங்கி ரியூபைத் தேடிப் பிடிக்கும். ஸ்குறூட்ரைவரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. நுனி உருண்டையாக்கப்பட்ட, ஒரு அடிக்குக் கிட்டிய நீளமுள்ள லீவர் இரண்டு போதும்; மூன்றாவது இருந்தால் வசதி.

அடுத்தது வால்வு கிழிந்த கதை. இது கிள்ளுப்பட்டதோடு சேர்ந்த விடயம் அல்ல. இதற்கு மூன்று காரணங்கள் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. முதலாவது, 20 பி.எஸ்.ஐ. உங்கள் பின்சில்லுக்குக் குறைவு. நீங்கள் அக்சிலேற்றரைத் திருகும்போது செயின் சில்லைத் திருப்புகிறது, சில்லு ரயரைத் திருப்புகிறது. காற்றுக் குறைந்தால் பீட் ரிமை இறுக்கிப் பிடிக்காது, ஆகவே ரிம் முன்னே போக ரயர் மயிரிழை அளவு பின்தங்கும். ஒவ்வொரு நாளும் அந்த மயிரிழை கூடிக்கொண்டு வரும். ரியூப் ரயரோடு போகும், வால்வு ரிமின் துளையில் நிற்கும். கழுத்து இழுபட்டுக் கிழியும். இரண்டாவது, தண்ணீர் கலக்காத திரவம் உள்ளே காயாமல் கிடந்து இந்த நகர்வுக்கு எண்ணெய்போல உதவியிருக்கிறது. மூன்றாவது, ஸ்பானரால் இறுக்கிய நட்டு வால்வைத் தாராளமாகச் சாயவிடாமல் பிடித்துவைத்து, எல்லா இழுவையையும் கழுத்திலேயே போட்டிருக்கிறது.

நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே ஏற்றி, வால்வு மூடியோடு சேர்த்துப் பூட்டி விடுங்கள். அப்படி விட்டால் ரயர் நகரும்போது வால்வு சாய்ந்து காட்டும்; சாய்வைக் கண்டதும் காற்றை இறக்கி, ரயரைத் திருப்பி நேராக்கலாம். காற்றின் அளவை வண்டியின் செயின் மூடியிலோ கையேட்டிலோ உள்ளபடி வையுங்கள். இந்தவகை 100 சிசி வண்டிகள் பலவற்றில் முன்னுக்கு 25, பின்னுக்கு ஒருவர் போனால் 28, இருவர் போனால் 32 என்று இருக்கும். கிறவலுக்கென்று அதைக் குறைத்தால் வால்வு மட்டுமல்ல, கல்லில் ஏறும்போது ரிமும் ரியூபை நசுக்கும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களுக்கும் எனக்கும் உப்புக் காற்றுத்தான். ரயரைக் கழற்றியதும் ரிமின் உட்பக்கத்தைப் பாருங்கள். கம்பிகளின் தலையை மூடிக்கொண்டு ஒரு றப்பர் பட்டி ஓடும். அதைத் தூக்கிப் பார்த்தால் அதன் கீழே கறள் பிடித்திருக்கும். கல்லடியில் என்னிடம் வரும் கம்பிச் சில்லுகளில் கறள் இல்லாத ரிம்மைக் காண்பது அரிது. பொருக்கை அரத்தாளால் தேய்த்து எடுத்து, துடைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிமுனை இருந்தால் அரத்தால் மட்டமாக்கி, பட்டி வெடித்திருந்தால் புதிதாகப் போடுங்கள். ரிமின் துளையும் பட்டியின் துளையும் ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டும்.

பதில் – வவுணதீவுச் சகோதரி

பலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் குடும்பநல உத்தியோகத்தர். என் எடை 47 கிலோ. வீடு வீடாகப் போகும் கடமை என்பதால் ஸ்கூட்டர் இல்லாமல் ஒரு நாளும் நகராது. சில்லு 10 அங்குலம், இரும்பு ரிம், ரியூப் உள்ள ரயர். சின்னச் சில்லு இலகு என்று பலர் நினைக்கிறார்கள். வளையம் சிறுத்தால் ரயர் விறைப்பாக இருக்கும், கைக்கு வளைந்து கொடுக்காது. ஆனாலும் முன் ரயரை இரண்டு தடவை நானே மாற்றியிருக்கிறேன். கல்லடி அண்ணன் சொன்ன நடுப்பள்ளத்தை எனக்கு என் தகப்பனார் காட்டித் தந்தார். அதற்கு முன் நானும் லீவரைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

கழற்றும்போது எனக்குச் சிரமமாக இருந்தது வேறோர் இடம். பழைய ரயரின் பீட் ரிமோடு கறளால் ஒட்டிக்கொண்டு, ஏறி மிதித்தாலும் விடாது. அதற்கு அயல்வீட்டு மோட்டார் சைக்கிளின் பக்க ஸ்டாண்டைப் பயன்படுத்தினேன். காற்றை முழுவதும் இறக்கி, வால்வின் உள்ளூசியையும் கழற்றிவிட்டு, சில்லை நிலத்தில் படுக்கவைத்து, ஸ்டாண்டின் அடிப்பாதம் ரிம்மைத் தொடாமல் அதற்கு அருகிலுள்ள ரயரின் மேல் வரும்படி வண்டியை நிறுத்தி, மெதுவாகச் சாய்த்தால், வண்டியின் எடையே பீட்டை உள்ளே தள்ளிவிடும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சேரின் இரண்டாவது ரியூப் சீறியது பற்றி ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. முதற்தடவைக்குப் பிறகு ரயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தீர்களா? நான் ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய துணியை உள்ளே விட்டுச் சுற்றி இழுப்பேன். எங்காவது கூர் இருந்தால் நூல் மாட்டும். படுவான்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் காரைமுள்ளும் உடைமுள்ளும் சாதாரணம். முள்ளின் நுனி முறிந்து ரயருக்குள் நின்றால் வெளியே ஒன்றும் தெரியாது, புது ரியூபையும் குத்தும்.

பதில் – அக்கரைப்பற்று

இங்கே சொல்லப்பட்டவை எல்லாம் கம்பிச் சில்லுக்கும் ரியூபுக்கும் உரியவை, அவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் இதை வாசிக்கும் தம்பிமாரில் பலர் அலோய் சில்லும் ரியூப் இல்லாத ரயரும் உள்ள வண்டி வைத்திருப்பார்கள் என்பதால் அதைப் பற்றியும் எழுதுகிறேன்.

ரியூப் இல்லாத ரயரில் காற்றைக் காப்பது பீட்டின் றப்பர் உதடுதான். லீவரால் அதைக் கிழித்தால், அல்லது அலோய் ரிமின் விளிம்பில் ஆழமான கீறல் போட்டால், எத்தனை தடவை அடித்தாலும் காற்று கசிந்துகொண்டே இருக்கும். கையால் போட முடியாதென்று சொல்லவில்லை, நானே போட்டிருக்கிறேன். ஆனால் ரிம் விளிம்புக்குப் பிளாஸ்ரிக் காப்பு வைத்து, லீவரைக் குறைவாகவும் சவர்க்காரத் தண்ணீரை நிறைவாகவும் பயன்படுத்த வேண்டும். பழைய ஓயில் கேன் ஒன்றைக் கீலமாக வெட்டினால் அதுவே நல்ல காப்பு. டிஸ்க் பிறேக் உள்ள சில்லானால் டிஸ்க் நிலத்தில் படாதபடி இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்துத்தான் அழுத்த வேண்டும். டிஸ்க் வளைந்தால் ரயரின் விலையைவிட அதிகமாகச் செலவாகும்.

உண்மையான சிக்கல் ஏற்றிய பிறகுதான் வரும். கைப்பம்பின் காற்று மெதுவாக வரும், வந்த வழியே இரண்டு ஓரத்தாலும் வெளியேறிவிடும். பீட் ரிமோடு போய் ஒட்டாது. அதற்கு வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டுக் கொம்பிரசரால் ஒரே மூச்சில் காற்று விட வேண்டும். ஆகவே ரயரை ஏற்றுவதை வீட்டில் செய்தாலும், பீட்டை உட்கார வைக்கக் கடைக்குக் கொண்டு போவதே நான் சொல்லும் வழி. பெற்றோலை ஊற்றித் தீ வைத்து ஊதவைக்கும் காணொளிகளைச் சில பொடியன்கள் பார்த்திருப்பார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். அது வெடிப்பு, கையும் கண்ணும் போகும்.

ரியூப் உள்ளதோ இல்லாததோ, பீட்டை உட்கார வைக்கும்போது சில்லின் மேல் குனிந்து நிற்கக் கூடாது, ரிமுக்கும் ரயருக்கும் நடுவில் விரலை வைக்கக் கூடாது. வழக்கமான காற்றைவிடச் சற்று அதிகம் தேவைப்படும் என்பது சரி, ஆனால் ரயரின் பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பக்கச்சுவரில், ரிமுக்குச் சற்று மேலே, ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். அந்தக் கோடு சுற்றிலும் ரிமிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள். ஓரிடத்தில் அமிழ்ந்து போயிருந்தால், மேலும் மேலும் காற்று அடிப்பதை விட்டு, இறக்கி, அந்த இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, சில்லைத் தரையில் இரண்டு தடவை துள்ளவிட்டு மறுபடி அடியுங்கள்.

போடுவதற்கு முன்னரே பார்க்க வேண்டிய மூன்று அடையாளங்கள் உண்டு. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்று. வண்டி முன்னே போகும்போது சில்லு சுழலும் பக்கத்தை அது காட்ட வேண்டும். மஞ்சள் பொட்டு இருந்தால் அது ரயரின் பாரம் குறைந்த இடம். வால்வுக்கு நேரே வைத்தால் வால்வின் பாரம் அதை ஈடுசெய்யும். நாலு இலக்கத் திகதி மூன்றாவது: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட ரயர். நான் ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய ரயரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த இலக்கத்தைப் பார்த்தேன். ஏழு வருடம் கடையில் கிடந்த ரயர் அது. விறைத்துப் போயிருந்தது, பக்கச்சுவரை வளைத்தபோது மயிர்வெடிப்புகள் தெரிந்தன. கடையிலேயே குனிந்து பாருங்கள்.

மறுபதில் – பட்டிருப்பு ஆசிரியர்

கல்லடி அண்ணன், வவுணதீவுத் தங்கை, அக்கரைப்பற்று நானா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலையில் மீண்டும் செய்தேன்.

தங்கை கேட்டபடி முதலில் ரயரின் உட்பக்கத்தில் துணியை விட்டு இழுத்தேன். நூல் மாட்டவில்லை. ஆனால் கிள்ளுப்பட்ட இரண்டு ரியூபையும் ஒவ்வொன்றாக ரிமின் மேல் வைத்து, வால்வைத் துளைக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, முதல் ரியூபின் வெட்டுகளும் இரண்டாவது ரியூபின் ஓட்டையும் வால்வுக்கு நேர் எதிரே, நான் ஏறி நின்ற அதே சாணுக்குள் விழுந்தன. அண்ணன் சொன்னதை என் கண்ணாலேயே கண்டதுபோல இருந்தது.

ரிமில் பட்டியின் கீழே கறள் இருந்தது. தேய்த்து எடுக்க ஒரு மணித்தியாலம் சென்றது. புது ரியூபுக்குக் குழந்தைப் பவுடர் தடவினேன். ரயரை அரை மணித்தியாலம் வெயிலில் வைத்தேன், அதனால் அது முன்பைவிட இளகியிருந்தது. சவர்க்காரத்தைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து பீட்டில் மட்டும் தடவினேன். வால்வுக்கு எதிரே தொடங்கி வந்தேன். முக்கால் பங்கு போனதும் பழையபடி கனத்தது. லீவரைக் கீழே வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போனேன். பீட் உண்மையாகவே பள்ளத்தை விட்டு ஏறி, ரிமின் தோளில் உட்கார்ந்திருந்தது. இரண்டு முழங்காலாலும் அழுத்தினேன். அது உள்ளே இறங்கும்போது முழங்காலுக்கு அந்த அசைவு தெரிந்தது. திரும்பி வந்து வால்வை உள்ளே தள்ளி, ஒரு லீவரை ஒரு கையால் நிமிர்த்தினேன். கடைசிச் சாண் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. மூன்று வாரமாக நான் மல்லுக்கட்டிய வேலை அதுதானா என்று சில்லைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

இப்போது 28 பி.எஸ்.ஐ. இரண்டு நாளாகக் குறையவில்லை. இன்னும் இரண்டு விடயம் கேட்க வேண்டும். சில்லை மறுபடி பூட்டிய பிறகு பின் பிறேக் மிதிக்கும்போது சிறிது அதிர்கிறது. இது ரயரால் வருவதா? வால்வு கிழிந்த ரியூபுக்கு ஒட்டுப் போட முடியுமா?

பதில் – கல்லடி கராஜ்

சேர், மிக்க சந்தோஷம். அதிர்வுக்கு ரயரைச் சந்தேகிப்பதற்கு முன் பூட்டிய விதத்தைப் பாருங்கள். பின் பிறேக் தட்டை அசையாமல் பிடித்துவைக்கும் கம்பி ஒன்று பின்சில்லைத் தாங்கும் சட்டத்துக்குப் போகிறது. அதன் நட்டு பூட்டப்பட்டு, அதற்கான பிளவுஊசியும் போடப்பட்டிருக்கிறதா என்று வண்டியை எடுப்பதற்கு முன்பே பாருங்கள். அது கழன்றால் பிறேக் தட்டு சில்லோடு சேர்ந்து சுழன்றுவிடும். அதைவிட ஆபத்து இந்த வேலையில் வேறில்லை. கழற்றிய பிளவுஊசியை நிமிர்த்தி மறுபடி போட வேண்டாம், புதிது சில ரூபாய்தான். அடுத்து, செயின் இறுக்கியின் கோடுகள் இரு பக்கமும் ஒரே இலக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு, அச்சு நட்டை முழுவதும் இறுக்குவதற்கு முன் பிறேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். அப்போது பிறேக் கட்டைகள் டிரம்மின் நடுவில் அமர்ந்துகொள்ளும். அநேகமாக உங்கள் அதிர்வு இதோடு போய்விடும்.

வால்வுக் கழுத்தில் கிழிந்த ரியூபுக்கு ஒட்டு நிற்காது; அந்த இடம் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். அதை வெட்டி, கயிறுபோலக் கட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். கிள்ளுப்பட்ட மற்ற இரண்டுக்கும் ஒட்டலாம். அரத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, பசையை மெல்லிதாகப் பூசி, ஈரம் போய் மங்கும்வரை ஐந்து நிமிடம் பொறுத்து, பிறகே ஒட்டை வைத்து நடுவிலிருந்து வெளியே அழுத்துங்கள். பசை ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் மறுநாளே உரியும்.

ஒட்டிய ஒரு ரியூபை வண்டியில் கொண்டு திரியுங்கள். காற்றை முழுவதும் எடுத்து, பவுடர் தூவி, வால்வு மூடியைப் போட்டு, தடித்த பொலித்தீன் பையில் சுற்றி, ஸ்பானர்களோடு உரசாமல் தனியாக வையுங்கள். இரண்டு லீவர், கைப்பம்ப், ஒரு சின்னப் போத்தல் சவர்க்காரத் தண்ணீர், சில்லைக் கழற்றும் ஸ்பானர், இரண்டு புதுப் பிளவுஊசி. வெல்லாவெளிக்கு அப்பால் காற்று இறங்கினால் ரயரை முழுவதும் கழற்ற வேண்டாம். ஒரு பக்கத்துப் பீட்டை மட்டும் வெளியே எடுத்து ரியூபை மாற்றலாம். எடுக்கும்போது மட்டும் வால்வுப் பக்கத்தில் லீவரைப் போட்டு எதிர்ப்பக்கத்தை மிதியுங்கள். போடும்போது வால்வுப் பக்கத்தில் முடியுங்கள்.

மறுபதில் – பட்டிருப்பு ஆசிரியர்

அண்ணன், பிறேக் தட்டின் கம்பியைப் பார்த்தேன். நட்டு இருந்தது, பிளவுஊசி போட மறந்திருந்தேன். இப்போதே போட்டுவிட்டேன்.